ஐந்து ரியால் பூட்டு

விரலா, முகமா, எது நல்லது அண்ணே
என்று கேட்காத ஆளில்லை.
தோஹா சனாயியா, பதினெட்டாம் தெரு,
டயர் கடைக்கும் கரக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் என் மேசை.
உடைந்த கண்ணாடி மாற்றுவேன்.
போனுக்குப் பூட்டு வைத்துத் தருவேன்,
பூட்டுக்கு ஐந்து ரியால்.

எது நல்லதென்று எனக்கென்ன தெரியும்.
இங்கே வருகிற விரல்களைத் தெரியும்.

பாத்திரம் கழுவுகிற பிஷ்ணுவுக்கு
வியாழன் இரவில் விரலெல்லாம்
ஊறிய கொண்டைக்கடலை.
வெள்ளி மதியம் காய்ந்த பிறகுதான்
போன் அவனை ஆள் என்று ஒப்புக்கொள்ளும்.

மார்பிள் அறுக்கிற குணசீலனுக்கோ
பத்து விரலிலும் ரேகையே கிடையாது.
கல்லோடு சேர்ந்து அவையும் பாலிஷ் ஏறிவிட்டன.
கம்பெனி வாசலில் வருகைப் பதிவு மெஷின்
தினமும் அவனுக்குச் சிவப்பு விளக்கு காட்டும்.
ஃபோர்மேன் பேனாவால் எழுதிக்கொள்வார்:
ஆள் வந்தாச்சு.

ஒருநாள் விளையாட்டாக
சேஃப்டி ஷூவைக் கழற்று என்றேன்.
பதினோரு வருடம் வெயில் காணாத கால்.
பெருவிரலில் வளையம் வளையமாக
பிறந்த அன்றைய அச்சு, ஒரு கீறல் இல்லாமல்.
போன் உடனே திறந்தது.
கரக் கடைவரை கேட்கச் சிரித்தோம்.

ஆனால் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்க
கேம்ப் பஸ்ஸில் யார் ஷூ கழற்றுவது?

சரி, முகத்தை வைத்துக்கொள் என்றேன்.

முகத்துக்கும் வியாதிகள் உண்டு.
வெல்டருக்கு ஷிஃப்ட் முடியும்வரை முகமில்லை.
மணல்காற்றில் துணி சுற்றிய நாளில்
கண் மட்டும் போதாது என்கிறது.
அறையில் ஒருவன் அசந்து தூங்கினால்
எதிர்க்கட்டில்காரன்
அவன் மூக்குக்கு நேரே போனைப் பிடித்துத் திறந்து
ஃபோர்மேனுக்கு முத்தம் அனுப்பிவிடுகிறான்.
விரலையும் அப்படித் திருடலாம்தான்.
ஆனால் தொடவேண்டும்.
தொட்டால் விழித்துக்கொள்வான்.

போன மாதம்
குணசீலன் போனுக்குக் கண்ணாடி மாற்றினேன்.
ஒருமுறை முகம் காட்டித் திறந்து பார்த்தான்,
மேசையில் வைத்துவிட்டு கரக் வாங்கப் போனான்.
அங்கே நீண்ட வரிசை.

அந்த நேரம் பார்த்து
சார்ஜர் கேட்டு வந்தான் தவசீலன்.
டிரெய்லர் ஓட்டுகிறவன். குணசீலனின் தம்பி.
அம்மாவின் ஆபரேஷனுக்கு
யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கில்
இருவரும் பேசி மூன்று வருடம்.
ஊரில் ஒரே வீடு, இங்கே
இரண்டு தெரு தள்ளித் தள்ளிக் கேம்ப்.

யார் போன் என்று தெரியாமல்
ஓரமாய் நகர்த்தி வைக்கக் கையில் எடுத்தான்.
அது அவனைப் பார்த்தது.
திறந்தது.

சுட்டதுபோல் கீழே வைத்தான்.
திரையில் அம்மா படம், அண்ணனின் பழைய சட்டை.
கொஞ்ச நேரம் சார்ஜர்களையே பார்த்தபடி நின்றான்.
பிறகு சொன்னான்,
‘இந்த போன்காரருக்கு
விரல் பூட்டு போட்டுக் கொடுங்க.
இது சரியில்ல.’

அவருக்கு விரலில் ரேகை இல்லையே என்றேன்.

‘எப்ப இருந்து?’

எனக்குத் தெரியவில்லை.
ஸ்டியரிங் பிடிக்கிற தன் விரல்களை
ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.
வாங்க வந்த சார்ஜருக்குக் காசு கொடுத்தான்,
அதையே அந்தப் போனில் செருகினான்.
நாலு சதவீதம்தான் இருக்கு என்றான்.
போய்விட்டான்.

குணசீலன் இரண்டு கரக்கோடு வந்தான்,
எனக்கொன்று அவனுக்கொன்று.
சொல்லாமல் இருக்க முடியவில்லை.
இந்தப் பூட்டு இன்னொரு முகத்துக்கும் திறக்கிறது,
மாற்றட்டுமா, நம்பர் போடட்டுமா என்றேன்.

யாருடைய முகம் என்று அவன் கேட்கவில்லை.
புதுச் சார்ஜரின் வயரை
நுனியிலிருந்து நுனிவரை பார்த்தான்.
பதினான்கு சதவீதம்.

இருக்கட்டும் என்றான்.

கண்ணாடிக்குப் பணம் எண்ணி வைத்தான்.
அதன்மேல் ஐந்து ரியால் தனியாக.
நான் எந்தப் பூட்டும் போடவில்லை.